ஊசி போட ஆள் இருக்கிறது, உட்கார்ந்து பேச ஆள் எங்கே?

ஆரணியைச் சுற்றியுள்ள காலனிகளில் ஒரு பையனுக்குக் காதில் குரல் கேட்கத் தொடங்கினால் அடுத்து என்னென்ன நடக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். முதல் மாதம் தூங்கமாட்டான். தறியில் உட்கார்ந்தால் இழை அறும். முடிபோடாமல் பாவையே வெறித்துக்கொண்டிருப்பான். "புள்ள ஒரு மாதிரியா கீறான்" என்று அம்மா பக்கத்து வீட்டில் மெதுவாகச் சொல்வார். மூன்றாம் மாதம் தாயத்து, வேப்பிலை. ஐந்தாம் மாதம் சோளிங்கர் மலையில் ஒரு மண்டலம். நடுவில் கடன் வாங்கி ஒரு ஆடு. ஒரு வருடம் கழித்து அவன் யாரையாவது அடித்த பிறகோ, துணியில்லாமல் தெருவில் ஓடிய பிறகோ, நாலு பேர் பிடித்து ஆட்டோவில் ஏற்றி ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். ஊசி போடுவார்கள். முப்பது நாள் மாத்திரை கொடுப்பார்கள். "அடுத்த மாசம் வாங்க."

இந்த ஒரு வருடத்தில் "அந்தக் குரல் என்னடா சொல்லுது, எப்பத்துலேர்ந்து கேக்குது?" என்று அவனிடம் உட்கார்ந்து கேட்டவர் யாருமில்லை. பூசாரி கேட்டார். அவரும் பேயிடம்தான் கேட்டார், பையனிடம் கேட்கவில்லை.

கோவிலுக்குப் போகாதே என்று நாங்கள் யாரிடமும் சண்டை போடுவதில்லை. தமிழ்நாட்டுக் கோவில் ஒன்றில் சில வாரங்கள் தங்கியிருந்த 31 பேரைப் பற்றி 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. மாத்திரை இல்லாமலே அவர்களுடைய அறிகுறிகள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. யாரும் விரட்டாத, யாரும் மிரட்டாத ஓர் இடம் கிடைத்ததே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். சரி, ஆனால் நம்மை உள்ளே விடுகிற கோவிலாகப் பார்த்தல்லவா போகவேண்டும்? இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் நம் மக்கள் காலெடுத்து வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதுவும் கலெக்டரும் போலீசும் கூட வந்த பிறகு. இன்னொரு பக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர். சங்கிலி போடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்திருக்கிறது. இரும்புச் சங்கிலி போனது. அதன் இடத்தில் நம் பிள்ளைகளுக்கு வந்தது மாதம் ஒரு ஊசி மட்டும்தான் என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

மாத்திரையை நிறுத்துங்கள் என்று இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். முதல் முறை மனப்பிறழ்வு வந்தவர்களுக்கு மருந்து தேவை. பாதியில் நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வரும். நாங்கள் கேட்பது மருந்தோடு சேர்த்துத் தரவேண்டிய மறுபாதியை. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிமுறை இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது: மருந்தோடு, தனியாக உட்கார்ந்து பேசும் உளவியல் சிகிச்சை குறைந்தது 16 அமர்வு, குடும்பத்தோடு சேர்ந்து பேசுவது குறைந்தது 10 அமர்வு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் 1992லேயே முதல்கட்ட மனப்பிறழ்வுக்கென்று தனி மையம் தொடங்கிவிட்டார்கள். இந்த நோய் பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் வருகிறது. படிப்பு, வேலை, காதல், கல்யாணம் எல்லாம் முடிவாகும் வயது. முதல் சில வருடங்களில் கிடைக்கும் கவனிப்பைப் பொறுத்தே பின்னால் வாழ்க்கை எப்படிப் போகும் என்பது பெரிதும் அமைகிறது. அமெரிக்காவில் 34 மையங்களில் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மருந்து, பேச்சு சிகிச்சை, குடும்பத்துக்கான வகுப்பு, படிப்புக்கும் வேலைக்குமான உதவி நான்கையும் ஒரே குழு சேர்த்துக் கொடுத்தபோது வாழ்க்கைத் தரம் கூடியது. நோய் தொடங்கிச் சீக்கிரம் வந்தவர்களுக்குப் பலன் அதிகம். அந்தப் பணக்கார நாட்டிலேயே வந்தவர்களில் பாதிப்பேர் சிகிச்சை இல்லாமல் 74 வாரத்துக்கு மேல் கழித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். நம் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி இந்தியாவில் மனப்பிறழ்வு உள்ளவர்களில் 75.5 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் ஊர்க்கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்குச் சென்னைக் கதையே இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் முதல்கட்ட மனப்பிறழ்வுக்குத் தனித் திட்டம் நடத்துகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சென்னையையும் மாண்ட்ரியலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒதுங்கிக்கிடப்பது, எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது போன்ற அறிகுறிகளில் சென்னைக்காரர்கள் மாண்ட்ரியல்காரர்களைவிட நன்றாகத் தேறினார்கள். குடும்பம் கூடவே நின்றது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே "நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று எந்த அதிகாரியாவது சொன்னால் அது பொய். ஒத்துவரும். ஆனால் அது அண்ணா நகர் பஸ்ஸில் ஏற முடிகிறவர்களுக்குக் கிடைக்கிறது. மற்றபடி சென்னையில் தனியாரிடம் போனால் ஒரு மணி நேரத்துக்கு 1000, 1500 ரூபாய்.

அந்த ஒரு மணி நேரத்தில் அப்படி என்னதான் செய்கிறார்கள்? புத்திமதி சொல்வதில்லை. "அதெல்லாம் பொய், மனசுல வெச்சுக்காத" என்றும் சொல்வதில்லை. மூன்று நாள் தூங்காமல் இருந்தால் யாருக்கும் குரல் கேட்கலாம், செத்துப்போன அப்பாவின் குரலைக் கேட்டவர்கள் ஊரில் எத்தனையோ பேர் என்று முதலில் பயத்தைக் குறைப்பார்கள். எந்த நேரத்தில் கேட்கிறது, அதற்கு முன் என்ன நடந்தது, கேட்டதும் நீ என்ன செய்தாய் என்று குறித்துவரச் சொல்வார்கள். குரல் சொன்னதைச் செய்யாவிட்டால் உண்மையில் என்ன ஆகிறது என்று சேர்ந்தே சோதித்துப் பார்ப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி ஹெட்போனில் கானா போட்டுக்கொண்டு தறி ஓட்டுவான். குரல் போகவில்லை, "சத்தம் கொறைஞ்சிருக்குண்ணா, நாடா ஓட்ட முடியுது" என்கிறான். அவனைப் பொறுத்தவரை அது சாதாரண முன்னேற்றம் இல்லை.

இங்கேதான் நம் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "சாதிக்குக் கவுன்சலிங்கா? நோய் சமூகத்துக்கா, நமக்கா?" என்று மாணவர் கூட்டம் ஒன்றில் எங்களைக் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அடிமைகள் தப்பியோடுவதை ஒரு மனநோய் என்று 1851இல் அமெரிக்க டாக்டர் சாமுவேல் கார்ட்ரைட் எழுதினார். அதற்கு வாயில் நுழையாத ஒரு கிரேக்கப் பெயரும் வைத்தார். நம் மாணவர்கள் வளாகத்தில் செத்தால் நிர்வாகம் முதலில் அறிவிப்பது கவுன்சலிங் கமிட்டியைத்தான். அவமானப்படுத்தியவனை விட்டுவிட்டு அவமானப்பட்டவன் மனசை ரிப்பேர் பார்க்கும் வேலை அது. அதை எதிர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த எதிர்ப்பைக் கொண்டுவந்து காதில் குரல் கேட்கும் பையன் முன்னால் வைப்பது வேறு விஷயம். அவனுக்கு விடுதலை அரசியல் பேசி இரவுத் தூக்கம் வராது. ஃபிரான்ஸ் ஃபனானை மேடையில் மேற்கோள் காட்டுகிறோம். அவர் 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவில் பிளிடா மருத்துவமனையில் மனநல மருத்துவராக வேலை பார்த்தவர் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் பலன் தந்த குழுச் சிகிச்சையை அப்படியே அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள் வார்டில் கொண்டுவந்தபோது அது படுத்துவிட்டது. உடனே "இந்த ஜனங்களுக்குப் புரியாது" என்று அவர் கைவிடவில்லை. அவர்கள் ஊரில் எப்படிக் கூடிப் பேசுகிறார்களோ அப்படிக் காப்பிக்கடையும் திருவிழாவும் கதைசொல்லியுமாக வார்டையே மாற்றப் பார்த்தார். காலனி ஆட்சியைச் சாடிக்கொண்டேதான் நோயாளிகளையும் பார்த்தார்.

சாதி தெரியாதவர் இந்தச் சிகிச்சையைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறோம். அடையாளங்களை மாற்றியிருக்கிறோம். இருபத்திரண்டு வயது. கல்லூரியை நடுவில் விட்டு ஊருக்குத் திரும்பியவன். "ஊர்க்காரங்க பைக்குல பின்னாடி வராங்க, போன்ல நான் பேசறத கேக்கறாங்க, என்னைக் கொல்லப் போறாங்க" என்றான். அவனை அழைத்துப்போன இடத்தில் நான்கு நிமிடம் பார்த்தார்கள். சீட்டில் துன்புறுத்தல் மருட்சி என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை எழுதினார்கள். அவன் சொன்னதில் பெரும்பகுதி மருட்சிதான், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. போனுக்குள் யாரும் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் பஸ் நிறுத்தத்தில், கூடப் படித்த ஒரு பெண்ணிடம் நோட்டு வாங்கியதற்காக அவனை நாலு பேர் அறைந்து போனைப் பிடுங்கினார்கள். அது நடந்தது. கோகுல்ராஜை 2015இலும் உடுமலை சங்கரை 2016 மார்ச்சிலும் எதற்காகக் கொன்றார்கள் என்பது அவனுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். "யாரும் உன்னைக் கொல்லமாட்டாங்க" என்று ஏசி அறையில் உட்கார்ந்து சொல்வது எளிது. தமிழ்நாட்டில் ஒரு தலித் இளைஞனிடம் அப்படிச் சொன்னால் அவன் ஏன் நம்பவேண்டும்?

பிறகு உளவியல் படித்த நம் தோழி ஒருவர் வாரம் ஒருமுறை அவனோடு உட்கார்ந்தார். ஒரு நோட்டில் நடுக்கோடு போட்டு, இந்தப் பக்கம் நடந்தவை, அந்தப் பக்கம் நடக்குமென்று பயப்படுபவை. அந்த அறை முதல் பக்கத்தில் போனது. அது நடந்தது, அது குற்றம் என்று ஒருவர் வாயால் கேட்டது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகே பைக், போன், கேமரா எல்லாம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அவனால் யோசிக்க முடிந்தது. மாத்திரையும் தொடர்கிறது. இன்னும் சில நாள் கதவைச் சாத்திக்கொள்கிறான். ஆனால் பஸ் நிறுத்தம் வரை தனியாகப் போய்வருகிறான்.

குரல் என்ன சொல்கிறது என்பதும் ஊரைப் பொறுத்தது. அமெரிக்க மானுடவியலாளர் தான்யா லூர்மன் ஸ்கார்ஃப் மருத்துவர் பத்மாவதி முதலானவர்களோடு சேர்ந்து கலிஃபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை மூன்றிலும் தலா 20 பேரிடம் கேட்டார். கலிஃபோர்னியாக்காரர்களுக்கு முகம் தெரியாத குரல்கள் வெட்டு, குத்து என்றன. சென்னைக்காரர்கள் பலருக்கு அத்தையும் மாமாவும் வந்து வீட்டைப் பெருக்கு, குளி, சாப்பிடு என்று அதட்டினார்கள். எங்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. எங்கள் பகுதியில் நாங்கள் கேட்டறிந்த சிலருக்கு அந்தக் குரல் சாதிப் பெயரைச் சொல்லித்தான் திட்டும். வெளியே கேட்டது உள்ளே போய்த் தங்கிவிட்டது. அந்த வார்த்தையை வாயால் சொல்ல எந்த மருத்துவர் முன்னால் அவர்களுக்கு நாக்கு எழும்? நெதர்லாந்தின் ஹேக் நகரில் 2007இல் வெளியான ஆய்வு, எந்தக் குடியேறிய சமூகம் அதிகம் பாகுபாட்டைச் சந்திக்கிறதோ அந்தச் சமூகத்தில் மனப்பிறழ்வு அதிகம் என்று காட்டியது. தன் மக்கள் சூழ வாழாமல் தனியாக அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று அடுத்த ஆண்டு அதே குழு எழுதியது. விடுதியில் ஒரே ஒரு தலித்தாகத் தங்கிப் படித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இதே கேள்வியைச் சாதியை வைத்துக் கேட்டு ஆய்வேடு எழுத, சமூகவியல் படிக்கும் நம் பிள்ளைகள் முன்வரவேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். 16 அமர்வு, வாரம் ஒன்று. ஆரணியிலிருந்து வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ். நோயாளியைத் தனியாக அனுப்ப முடியாது, கூட ஒருவர். ஆக 32 நாள் கூலி போச்சு. குடும்ப அமர்வு 10 சேர்த்தால் அந்தப் பத்து நாளும் வீட்டில் தறியே நிற்கும். பட்டுத்தறி ஒரு ஆள் வேலை என்று நினைப்பவர்கள் புடவை கட்டுபவர்கள் மட்டும்தான். பாவு ஓட்ட, இழை பிணைக்க, கோர்வைக்குக் கைகொடுக்க வீடே அதில்தான் இருக்கும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தில் இருக்கும். அந்த முன்பணத்துக்காகப் பிள்ளைகளைத் தறியில் அடகு வைத்த கதையைக் காஞ்சிபுரத்தில் விசாரித்து 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஒரு அறிக்கையே போட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்தும் அதுதான் நிலைமை. அப்படித் தறியில் வளர்ந்த தலைமுறைதான் இன்று அப்பாவும் அம்மாவுமாக மருத்துவமனை வாசலில் நிற்கிறது. "குடும்பத்துக்கு விழிப்புணர்வு இல்லை, ஃபாலோ-அப் வரமாட்டேங்கறாங்க" என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பமும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நல்ல முறை. மாதாமாதம் கூலி வருகிறவர்கள் லீவு போட்டு வந்து தங்கலாம். நாள் கூலிக்காரர் எப்படித் தங்குவார்?

ஆகவே சிகிச்சை தெருவுக்கு வரவேண்டும். இது எங்கள் கற்பனை இல்லை. நம் பக்கத்துப் பட்டு மாவட்டமான காஞ்சிபுரத்திலும், கோவாவிலும், மகாராஷ்டிரத்தின் சதாராவிலும் 282 மனச்சிதைவு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2014இல் லான்செட் இதழில் வந்தது. மருத்துவர் இல்லாத, அந்தப் பகுதியிலேயே வாழும் சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கே அனுப்பினார்கள். வெறும் மருத்துவமனைக்கு வந்துபோனவர்களைவிட வீட்டிலும் ஆள் வந்து பார்த்தவர்களுக்கு அறிகுறியும் செயலிழப்பும் ஓரளவு அதிகமாகக் குறைந்தன. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, மிதமான பலன்தான். ஆனால் சேவையே இல்லாத கிராமப்புறத்தில் இதைத்தான் முதலில் செய்யவேண்டும் என்று அவர்களே முடிவு எழுதினார்கள். அது வந்து இத்தனை வருடம் ஆகிறது. காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் இடையில் பட்டு நூல் போய்வருகிறது, ஜரிகை போய்வருகிறது, புரோக்கர் போய்வருகிறார். இது மட்டும் வரவில்லை.

அரசிடம் ஆள் இல்லையா? 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது, பிசியோதெரபி வருகிறது, டயாலிசிஸ் பைகூட வருகிறது. நல்ல திட்டம், நம் அம்மாக்கள் பலர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். அதே பெண் சுகாதாரத் தன்னார்வலர்களில் காலனிக்கு ஒருவருக்குப் பயிற்சி கொடுங்கள். அவருக்கு மேலே வட்டத்துக்கு ஒரு உளவியலாளரையும் ஒரு மனநல சமூகப் பணியாளரையும் நிரந்தரப் பணியில் போடுங்கள். அந்த வேலைகளில் இடஒதுக்கீட்டை ஒழுங்காக நிரப்புங்கள், எம்.எஸ்.டபிள்யூ முடித்துவிட்டுத் துணிக்கடையில் பில் போடும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அமர்வு மாலை ஆறு மணிக்கு மேல் இரவுப் பாடசாலையிலோ சமுதாயக் கூடத்திலோ நடக்கட்டும், தறி நின்ற பிறகு. 14416 என்ற எண்ணில் 2022 முதல் டெலி மானஸ் இருக்கிறது. அவசரத்துக்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது. ஆனால் போன் வழியாக யாரோ கேட்கிறார்கள் என்று பயப்படும் பையனை "போன் பண்ணிப் பேசு" என்பதில் உள்ள முரண்பாட்டையும் அதிகாரிகள் யோசிக்கவேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் மனநல சேவை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. சாதியின் பெயரால் பாகுபாடு கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம் என்கிறது. குறைந்தபட்ச சேவை மாவட்டத்தில் இல்லையென்றால் அந்த மாவட்டத்திலேயே வேறு மனநல சேவையில் பெறும் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்றும் சொல்கிறது. 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது.

எனவே தோழர்களே, இந்த வாரம் செய்யவேண்டியது ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் கட்டணம். மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள்; அது அவருடைய வேலை இல்லையென்றால் உரியவருக்கு ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டியது 6(3) பிரிவின்படி அவர் கடமை. கேள்விகள்: மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர் பணியிடங்கள் எத்தனை, இன்று நிரம்பியிருப்பவை எத்தனை, அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? ஆரணி வட்டத்தில் மனநல முகாம் எந்தெந்த நாளில் நடந்தது, ஒரு முகாமில் ஒரு மருத்துவர் எத்தனை பேரைப் பார்த்தார்? கடந்த மூன்று ஆண்டுகளில் மனப்பிறழ்வு என்று பதிவான எத்தனை பேருக்கு மருந்து தவிர உளவியல் சிகிச்சை தரப்பட்டது, ஒருவருக்கு எத்தனை அமர்வு? 18ஆம் பிரிவின் கீழ் வெளியே பெற்ற சிகிச்சைக்காக இந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்குச் செலவுத் தொகை திருப்பித் தரப்பட்டது?

ஆளுக்கு ஒரு மனு, ஊருக்கு ஒருவராவது. நகலைப் பத்திரமாக வையுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டைச் சேர்ந்து எழுதுவோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் நேரில் கொடுக்க ஆரணியிலிருந்து ஒரு வேன் பிடிப்போம். வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், நோயாளிகளோடு வரும் குடும்பங்களுக்கு முதல் இடம்.

ஜெய் பீம்.